மருமகனின் குறிப்பேடு



ஆசிரியப் பணியில் இருப்பவன் தன் தவற்றைப் பலரறியச் சொல்வது எளிதன்று. மதரஸாவில் பாடம் நடத்துகின்றவன், மார்க்கத்தின் பெயராலேயே ஒரு சிறுவனின் வாயை அடைத்தேன் என்று எழுதுவது அதனினும் கடினம். எனினும், என்னைப் போன்றே பேசிவிடக்கூடிய பெற்றோரும் உஸ்தாதுமார்களும் நம்மிடையே இருக்கக்கூடும் என்பதால், 2011ஆம் ஆண்டு எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை உங்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

என் ராத்தா அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள கனெக்டிகட் மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்ந்து வருகின்றார். ஹார்ட்ஃபோர்டு நகருக்கு மேற்கே, மரங்கள் அடர்ந்த ஒரு சிற்றூர் அது. அவ்வாண்டு எங்கள் உம்மாவும் அங்குச் சென்று தங்கியிருந்தார்கள். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த உம்மாவுக்கு ஆஸ்துமா நோய் உண்டு. மருந்தை ஆவியாக்கித் தரும் ஒரு சிறு மின்கருவியின் துணையால்தான் பல இரவுகளில் அவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

ராத்தாவின் மகனுக்கு அப்போது 14 வயது. பிற சிறுவர்கள் விளையாட்டு வீரர்களின் ஓட்டக் கணக்கை மனப்பாடம் செய்வதுபோல, இவன் காற்றின் திசையையும் பனியின் அளவையும் மனப்பாடம் செய்வான். வெள்ளை வண்ணம் பூசிய பலகை ஒன்றைத் தோட்டத்தில் வைத்து, அதன்மீது விழும் பனியை அளவுகோலால் அளந்து எழுதுவான். இது அவன் ஒருவனுக்கு மட்டும் உரிய பித்தன்று. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு முதலே, ஊதியம் கருதாத குடிமக்கள் தம் வீட்டில் மழையையும் வெப்பத்தையும் அளந்து அரசுக்கு அனுப்பும் ஏற்பாடு நடைமுறையில் இருந்து வருகின்றது. 1997இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின், மறு ஆண்டே அங்குத் தன்னார்வலர்களின் மற்றோர் அளவீட்டுக் கூட்டமைப்பும் தொடங்கிற்று. இத்தகைய வானிலை ஆர்வலர்களில் என் மருமகனும் ஒருவன்.

இவர்கள் பெரிதும் எதிர்பார்த்துக் காத்திருப்பது ‘நாரீஸ்டர்’ என்னும் வடகிழக்குப் புயலையே. இதன் இயல்பை முதன்முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்பதை அறியும்போது வியப்பாக இருக்கும். 1743ஆம் ஆண்டு ஓர் இரவில் சந்திர கிரகணத்தைக் காண அவர் பிலடெல்ஃபியா நகரில் காத்திருந்தார். வடகிழக்கிலிருந்து வீசிய புயல் வானத்தை மூடிவிட்டது. காற்று வரும் திசையில் இருப்பது பாஸ்டன் நகரம். ஆகவே அங்கும் கிரகணம் தெரிந்திராது என்றே எண்ணினார். ஆனால் பாஸ்டனில் இருந்த அவருடைய சகோதரர் கிரகணத்தை நன்கு கண்டதையும், அங்குப் புயல் அதன் பின்னரே வந்ததையும் பிறகு அறிந்தார். காற்று வடகிழக்கிலிருந்து வீசினாலும், புயல் தென்மேற்கிலிருந்துதான் நகர்ந்து வருகின்றது என்ற உண்மை இதனால் அவருக்குப் புலப்பட்டது.

கடலோரமாக வடக்கு நோக்கி நகரும் இப்புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. அது அட்லாண்டிக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையை வந்தடைகின்றது. அதே வேளையில் கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்கியிருந்தால், அந்த ஈரம் பனியாகக் கொட்டும். குளிர் சற்றுக் குறைந்தால் வெறும் மழையாகும். இரண்டிற்கும் இடையிலான கோடு சில கல் தொலைவு நகர்ந்தாலும் ஓர் ஊரின் நிலை முற்றிலும் மாறிவிடும். அக்டோபர் மாதத்தில் கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்குமாதலால், கரையோரத்தில் அப்போது பெரும்பனி பெய்வது மிக அரிது.

2011 அக்டோபரின் கடைசி வாரத்தில் அந்த அரிய நிகழ்ச்சிக்கான அறிகுறிகள் தோன்றலாயின. அமெரிக்க அரசின் கணினிக் கணிப்பு நாளொன்றுக்கு 4 முறை வெளிவரும். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இயங்கிய ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பு அந்நாட்களில் 2 முறை வரும். தஹஜ்ஜுத் தொழுகைக்காக உம்மா எழும் வேளையில், என் மருமகனும் எழுந்து கணினியின் முன் அமர்ந்திருப்பானாம். தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே செல்கின்றதா என்பதே அவனுடைய கவலை. ஒரு கணிப்பில் புயல் கடலுக்குள் விலகிச் செல்லும். அடுத்ததில் கரையை நெருங்கி வரும். நாட்கள் செல்லச் செல்ல எல்லாக் கணிப்புகளும் ஒரே வழியைக் காட்டத் தொடங்கின.

இங்கு வெள்ளிக்கிழமை காலை, அங்கு வியாழன் இரவு. உம்மாவின் நலம் விசாரிக்க நான் தொலைபேசியில் அழைத்தபோது அவனே எடுத்தான்.

“மாமா, சனிக்கிழமை இங்கே பெரிய பனிப்புயல் வரலாம். மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. ஈரப்பனி இலைகளில் தங்கினால் கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து, மின்கம்பிகள் மேல் விழும். பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் போகலாம். உம்மம்மாவுக்கு மருந்து கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் வீட்டில் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.”

நான் என்ன மறுமொழி சொன்னேன் தெரியுமா? “மழையின் அறிவு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. மறைவான ஐந்து விஷயங்களில் அதுவும் ஒன்று. நாளை நடக்கப் போவதைச் சொல்ல நீ யார்?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு மெல்ல, “நாளைக்கு மஃரிபு எத்தனை மணிக்கு என்று பள்ளிவாசலில் அட்டவணை ஒட்டியிருக்கிறார்களே மாமா, அதுவும் மறைவானதுதானா?” என்றான்.

அவன் கேட்டதில் கேலி இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினான். எனக்கோ உடனே விடை தோன்றவில்லை. விடை தெரியாத ஆசிரியன் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். “பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது” என்று அதட்டிவிட்டு, தொலைபேசியை ராத்தாவிடம் கொடுக்கச் சொன்னேன். “பிள்ளையின் பேச்சைக் கேட்டு வீண் செலவு செய்யாதீர்கள். அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்” என்று ராத்தாவிடம் கூறினேன். தம்பி ஆலிம் ஆயிற்றே என்று அவர் என் சொல்லை மதித்தார். மருந்து வாங்கப்படவில்லை.

அக்டோபர் 29, சனிக்கிழமை. எங்கள் பகுதியில் துல்ஹஜ் மாதத்தின் முதல் நாள். அங்கோ பகலிலேயே வானம் இருண்டு பனி கொட்டத் தொடங்கியது. சிவந்தும் மஞ்சளாகவும் இலைகள் நிறைந்திருந்த மேப்பிள், ஓக் மரங்களின் மீது ஈரப்பனி படிந்தது. மாலையில் துப்பாக்கி வெடிப்பதுபோல் ஒவ்வொரு கிளையாக முறியும் ஓசை கேட்டதாக ராத்தா சொன்னார். அன்று மாலையே மின்சாரம் நின்றது.

அப்புயல் சாதாரணமானதன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெரு என்னும் ஊரில் 32 அங்குலப் பனி பெய்தது. ஹார்ட்ஃபோர்டுக்கு வடக்கே உள்ள பிராட்லி விமான நிலையத்தில் 12.3 அங்குலம் பதிவாயிற்று. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பெய்தது 2.9 அங்குலமே. ஆனால் 1869இல் அங்குக் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து அக்டோபர் மாதத்தில் ஓர் அங்குலத்திற்கு மேல் பனி பெய்தது அதுவே முதன்முறை. வடகிழக்கு மாநிலங்களில் 30 லட்சத்திற்கும் அதிகமான வீடுகளும் நிறுவனங்களும் இருளில் மூழ்கின. கனெக்டிகட்டில் மட்டும் அந்த எண்ணிக்கை 8 லட்சத்தைத் தாண்டியது. இரண்டு மாதங்களுக்கு முன் வீசிய ஐரீன் சூறாவளி விளைவித்த இருளினும் இது பெரிது.

மின்சாரம் நின்றால் அந்நாட்டு வீடுகளைச் சூடேற்றும் உலையும் நின்றுவிடும். இரவு ஏற ஏற வீடு குளிர்ந்தது. உம்மாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. மின்கருவி பயனற்றுப் போயிற்று. கையில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குப்பியிலும் சிறிதளவே எஞ்சியிருந்தது. வெளியே செல்லலாமெனில் சாலை முழுதும் மரங்கள் விழுந்து கிடந்தன.

செய்வதறியாத மச்சான், தோட்டத்தில் இறைச்சி சுடுவதற்கு வைத்திருந்த கரியடுப்பை மூட்டி, உம்மா படுத்திருந்த அறைக்குள் கொண்டுவர முனைந்தார். அப்போது என் மருமகன் கதவின் குறுக்கே நின்றுகொண்டான். “வேண்டாம் வாப்பா. கரிப்புகையில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது. உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே இறந்துவிடுவார்கள்” என்று மன்றாடினான். மச்சான் அதட்டியும் அவன் நகரவில்லை. கடைசியில் அடுப்பு வெளியே சென்றது. வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் உம்மாவின் மீது போர்த்தி, இருபுறமும் பிள்ளைகள் அணைத்துக்கொண்டு அந்த இரவைக் கழித்தார்கள்.

அவ்வாரத்தில் அம்மாநிலத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் அந்த நஞ்சினால் உயிரிழந்தோர் உண்டு. குளிருக்காகக் கரியை வீட்டிற்குள் மூட்டியதும், மின்னாக்கிப் பொறியை மூடிய இடத்தில் ஓட்டியதுமே அதற்குக் காரணங்கள். இச்செய்தியை நான் படித்தபோது என் கை நடுங்கியது. யாருடைய வாயை நான் அடைத்தேனோ, அவனே அன்றிரவு மறுமுறையும் வாய் திறந்தான். என் அதட்டலுக்குப் பணிந்து அவன் அப்போதும் மௌனமாக இருந்திருந்தால்?

ஞாயிறு நண்பகலில் அண்டை வீட்டார் மரங்களை அறுத்து வழி உண்டாக்கினார்கள். உம்மாவை ஒரு பள்ளிக்கூடத்தில் அமைத்திருந்த முகாமிற்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே மின்னாக்கி இருந்தது, மருந்தும் கிடைத்தது. வீட்டிற்கு மின்சாரம் திரும்பியது நவம்பர் 5ஆம் நாள் இரவில். மறுநாள் அவர்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். அல்ஹம்துலில்லாஹ், உம்மா உயிர் பிழைத்தார்கள்.

அன்பர்களே! மழையை இறக்குபவன் அல்லாஹ் ஒருவனே என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஆனால் அவனே மழைக்கு முன்னால் காற்றை நற்செய்தியாக அனுப்புவதாகவும் இறைமறை அறிவிக்கின்றது. முன்னறிவிப்பாக ஒன்று அனுப்பப்படுகின்றதென்றால், அதைக் கவனித்துப் பார்ப்பது எப்படிக் குற்றமாகும்? கருமேகத்தைக் கண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறும் என்றும், உள்ளும் புறமும் நடந்தபடி இருப்பார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிமொழியை நான் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கின்றேன். அன்று ஒட்டகத்தைக் கட்ட வந்த சிறுவனைத்தான் நான் விரட்டிவிட்டேன்.

2013ஆம் ஆண்டு அவன் ஊருக்கு வந்திருந்தபோது, அவனுடைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: சொன்ன நாள், சொன்னது, நடந்தது. தவறிப்போன இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தான். சிவப்புக் கோடுகள் ஏராளமாக இருந்தன. ‘வரும்’ என்று அவன் எழுதிய பல பனிகள் வரவே இல்லை. ‘வரலாம்’, ‘பாதிக்குப் பாதி’, ‘மழையாகவே போய்விடலாம்’ என்ற சொற்களே எங்கும் நிறைந்திருந்தன. மறைவானதை அறிந்தவன் என்று தன்னைக் கருதுகின்றவன் இப்படி எழுத மாட்டான். தன் அறிவின் எல்லை எது என்பதைத் தேதியிட்டு எழுதி வைத்திருந்தான் அந்தப் பிள்ளை.

2011 அக்டோபர் 29ஆம் நாளுக்குரிய பக்கத்தைத் திருப்பினேன். சொன்னது 6 முதல் 10 அங்குலம். அவனுடைய பலகையில் அளந்தது 13. அங்கும் ஒரு சிவப்புக் கோடு!

“இதில் நீ சொன்னதுதானே நடந்தது? இங்கே எதற்குச் சிவப்பு?” என்றேன்.

“குறைத்துச் சொல்லிவிட்டேனே மாமா. தவறு தவறுதானே” என்றான்.

பத்தாண்டுக்கும் மேலாகப் பாடம் நடத்தியிருந்த என்னிடம் அப்படி ஒரு குறிப்பேடு இல்லை. நான் மாணவர்களுக்குச் சொன்ன விடைகளில் எத்தனை பிழையாயின என்று எங்கும் எழுதி வைத்ததில்லை. “அன்று உன்னிடம் பேசியதற்கு என்னை மன்னித்துவிடு” என்று கேட்டேன். அவன் கூச்சத்துடன், “என்ன மாமா, நீங்கள் போய்...” என்று சொல்லிக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டான்.

இப்போது மறைவான ஐந்து விஷயங்கள் பற்றிய பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும், இந்நிகழ்ச்சியை என் மாணவர்களுக்குச் சொல்கின்றேன். ‘நான் அறிவேன்’ என்று உரிமை கொண்டாடுவது வேறு, அடையாளங்களை ஆராய்ந்து ‘இப்படி நிகழக்கூடும், எச்சரிக்கையாக இருங்கள்’ என்று பிறர் நலம் கருதிச் சொல்வது வேறு என்று விளக்குகின்றேன். அதன்பின் பள்ளிவாசல் அட்டவணையைப் பற்றி எந்த மாணவனாவது கேட்டால், அவனை உட்காரச் சொல்வதில்லை. நின்றே கேட்கச் சொல்கின்றேன்.

பிள்ளைகளின் கேள்விக்குச் செவி சாய்க்கும் பொறுமையையும், தவறியபோது ஒப்புக்கொள்ளும் துணிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.