ஐந்து ஆறு... ஆறு நிமிஷம்!

நான் படித்தது பி.காம். பற்று, வரவு தெரியும். ஷட்ஜம், பஞ்சமம் தெரியாது. சபாக்களில் நான் பார்த்த கச்சேரிகளில் பாதி, கேன்டீனுக்குப் போகிற வழியில் பார்த்தவை. அப்பேர்ப்பட்டவன் திருவையாறு தியாகராஜ ஆராதனைக்குப் போய், பந்தலில் சப்பணமிட்டு ஒரு நாள் பூரா உட்கார்ந்திருந்தேன் என்றால், காரணம் எங்கள் ஆபீஸ் கேஷியர்.

மனிதர் பாடுவார். பெரும்பாலும் கல்யாண ரிசப்ஷனில். அந்தக் கச்சேரிகளை யார் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொய்க் கவரில் பெயர் எழுதுகிறவர்கள். இவர் தோடியில் உருகிக்கொண்டிருக்கும்போது "அடுத்த பந்தி ரெடி" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், முன்வரிசை காலி.

"பதினஞ்சு வருஷமா பாடறேன் சார். ஒருத்தராவது ஒரு பாட்டை முழுசா கேட்டிருப்பாரா, சந்தேகம்தான்" என்பார், நோட்டு எண்ணிக்கொண்டே, எண்ணிக்கை தப்பாமல்.

திருவையாற்றில் பேர் வாங்கினவர்தான் பாடலாம் என்று சட்டம் இல்லை. பெரிய வித்வானும் வருவார், பாட்டு டீச்சரும் வருவார், பாங்க் குமாஸ்தாவும் வருவார். ஆளுக்குச் சில நிமிஷங்கள். தியாகராஜர் கீர்த்தனை ஒன்று, பாடிவிட்டு நமஸ்காரம் பண்ணிவிட்டு இறங்கவேண்டியது. கேஷியர் எழுதிப் போட்டிருந்தார். தேதி வந்துவிட்டது. அன்றிலிருந்து லஞ்ச் டயத்தில் ரெக்கார்டு ரூம் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே பழைய லெட்ஜர்களுக்கு நடுவில் பிலஹரி. அனுபல்லவியை எவ்வளவு சுருக்கினால் ஆறு நிமிஷத்தில் முடியும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடிப் பழகினார்.

எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ். விடியற்காலை தஞ்சாவூர். கோஷ்டியில் நாங்கள் நாலு பேர்: கேஷியர், மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் மிருதங்கக்காரர், வயலினோடு கேஷியரின் அக்கா மகள் (பி.காம். இரண்டாம் வருஷம், என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டு மனத்தைப் புண்படுத்தியவள்), கடைசியாக வாட்டர் பாட்டில் தூக்க நான்.

பஸ்ஸில் கண்டக்டர் மிருதங்கத்தைப் பார்த்தார். "இதுக்கு லக்கேஜ் போடணும் சார்."

"லக்கேஜா? இது என் குழந்தைங்க!"

"அப்படின்னா வயசைச் சொல்லுங்க. அரை டிக்கெட் போட்டுடறேன்."

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அதற்குள் எத்தனை பாலம்! வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஊருக்கு ஏன் ஐயாறு என்று பெயர் என்பதை பஸ்ஸே பாடம் நடத்திவிடுகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆராதனையோ திதிக் கணக்கு. புஷ்ய பகுள பஞ்சமி எந்தத் தேதியில் வருகிறதோ அன்றைக்கு. நாங்கள் போனபோது ஆற்றில் தண்ணீர் இருந்தது. படித்துறையில் பத்துப் பேர் குளித்துக்கொண்டே சாதகம் பண்ணினார்கள். ஆளுக்கொரு ராகம்!

சின்ன வயதில் இந்த ஊரை நான் டெலிவிஷனில்தான் பார்த்திருக்கிறேன். பஞ்சரத்னம் நேரடி ஒளிபரப்பு என்றால் தாத்தா சட்டை போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்காருவார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு என்று குன்னக்குடி வைத்தியநாதனின் முகம் வந்தால் எனக்குக் குஷி. மற்றபடி 'கார்ட்டூன் எப்போ?' என்று கேட்டு உதை வாங்கினதுதான் என் சங்கீத ஞானம்.

நேரில் சங்கதியே வேறு. காலையில் தியாகராஜர் இருந்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை சமாதிக்கு வந்து சேருகிறது. ஒன்பது மணிவாக்கில் நாட்டையில் ஆரம்பம். அப்புறம் கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. எதிரும் புதிருமாக வரிசை போட்டு உட்கார்ந்து நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாகப் பாடும்போது, ஞானசூனியத்துக்கும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. முன்வரிசையில் பிரபலங்கள். பின்னால் கையில் புத்தகத்தோடும் செல்ஃபோனோடும் நம் கேஷியர் ஜாதி. கண்ணை மூடினால் எந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

வராளியை குரு சிஷ்யனுக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வயலின் பெண்ணிடம் விசாரித்தேன். "நான் ஃபோன்லதான் கேட்டுக் கத்துக்கிட்டேன் அங்கிள். சண்டை வந்தா ஃபோனோடதான்."

அந்தப் பெண்ணை மிருதங்கக்காரர் இன்னொரு இடத்துக்கும் கூட்டிப்போனார். சமாதிக்கு எதிரே, அதைப் பார்த்தபடி, பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை. தியாகராஜர் மறைந்தது 1847-ல். அப்புறம் பல காலம் இந்த இடம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஆராதனை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து கிடந்தார்கள். தேவதாசி மரபில் வந்த இந்த அம்மாள் தன் சம்பாத்தியத்தைப் போட்டு நிலம் வாங்கி, சமாதிக்குக் கோயில் எழுப்பி, கும்பாபிஷேகம் நடத்தினார். நடத்தி என்ன? பெண்கள் ஆராதனையில் பாடக்கூடாது என்றார்கள். கட்டிடம் அவருடையது, மேடை மட்டும் ஆண்களுடையது! அம்மாள் சளைக்கவில்லை. மற்றப் பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்பக்கம் தனியாக ஓர் ஆராதனையே நடத்தினார். 1940-ல்தான் கட்சிகள் ஒன்றாயின; பெண்களுக்கும் மேடை கிடைத்தது. சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்று சொல்கிறார்கள். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் உண்டா? 1952-ல் மறைந்து, இதே மண்ணில் இருக்கிறார். வயலின் பெண் ஒன்றும் பேசவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

மத்தியானம் எங்கள் முறை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றில் பாட்டு நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த கோஷ்டி சுருதி சேர்த்துத் தயாராக உட்கார்ந்திருக்கும். இது முடிய, அது ஆரம்பம். "பாங்க் கவுன்ட்டர்ல இந்த வேகம் இருந்தா எப்படி இருக்கும்!" என்றேன். கேஷியர் சிரிக்கவில்லை. உள்ளங்கை வியர்வையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோஷ்டி ஏறி உட்கார்ந்தது. அடுத்த மேடையில் பத்து வயதுகூட ஆகாத ஒரு பெண், ரெட்டைப் பின்னல். வாயைத் திறந்தது பாருங்கள்...

பிலஹரி. இவர் வைத்திருந்த அதே கீர்த்தனை!

கீழேயிருந்த எனக்கே வயிற்றைக் கலக்கியது. குழந்தை சரணத்தில் சர்ரென்று மேலே போய் நின்று இறங்குகிறது, மாடிப்படி கைப்பிடியில் சறுக்குகிற மாதிரி. கேஷியர் முகத்தில் ஈயாடவில்லை. வயலின் பெண் குனிந்து ஏதோ கேட்டாள் ("வேற பாடிடலாமா மாமா?" என்றாளாம்). இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நாலு மாதமாக ரெக்கார்டு ரூமில் வளர்த்தது இது ஒன்றுதானே!

பாடினார். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. பல்லவி இரண்டாம் தடவை வரும்போது நின்றுவிட்டது. எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தே முக்கால் நிமிஷம். கால் நிமிஷம் கையிருப்பு. கைதட்டலுக்கு யாருக்கும் நேரமில்லை, அடுத்த மேடையில் கல்யாணி புறப்பட்டுவிட்டது.

வெளியே வந்து மிட்டாய்க் கடையில் அசோகா வாங்க நின்றோம். பாசிப்பருப்பும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து செய்யும் இந்த ஊர் அதிசயம் அது; இலையில் வாங்கினால் விரல் வழியே நெய் ஓடும். கேஷியர் மட்டும் தொடவில்லை. "குழந்தைக்கு அப்புறம் நம்மளை யார் சார் கேட்டிருப்பாங்க?"

அப்போது பக்கத்தில் ஒரு பெரியவர், கைத்தடியோடு. "தம்பி, ரெண்டாவதா பிலஹரி பாடினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"சரணத்துல மேல போகவேண்டிய இடத்துல பாதியில திரும்பிட்டீங்களே. அந்தக் குழந்தை போச்சு. அனுபல்லவியிலயும் ஒரு சங்கதியை முழுங்கிட்டீங்க. பல்லவி பரவால்ல."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் அழுதுவிடப் போகிறார் என்று பயம். திரும்பிப் பார்த்தால், மனிதர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்.

"கேட்டிருக்கார் சார்! பூரா கேட்டிருக்கார்!"

அரைக் கிலோ அசோகா கட்டச் சொல்லிப் பெரியவர் கையில் திணித்தார். "எனக்கு சுகர் தம்பி, ஆகாது" என்றார் பெரியவர். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.