மறுபடியும் சொந்த வீடு

2002-ல் எனக்கென்று ஒரு வெப்சைட் வைத்திருந்தேன். நோட்பேடில் ஹெச்.டி.எம்.எல். அடித்து, டேபிளுக்குள் டேபிள் போட்டு, அடியில் 'இதுவரை வந்தவர்கள் 312' என்று கவுன்ட்டர். (அதில் பாதி நானே.) இலவசமாக இடம் கொடுத்த கம்பெனி பிற்பாடு கடையைக் கட்டிவிட்டது. மிஞ்சியது ஒரு சி.டி.

மறுபடி ஒன்று கட்டலாமே என்று போன மாதம் அதைத் திறந்தால், மருந்துக்கும் தமிழில்லை. தலையில் புள்ளியும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள். பயப்படாதீர்கள், எதுவும் அழியவில்லை. அப்போது திஸ்கி என்ற ஏற்பாட்டில், ஆங்கிலம் போக மிச்சமிருந்த 128 இடங்களில் தமிழைக் குடிவைத்திருந்தோம். அதற்கான ஃபான்ட் இல்லாவிட்டால் அதே எண்கள் பிரெஞ்சாகத் தெரியும். யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம்.

சரி, எண்ணுக்கு எண் மாற்றினால் போச்சு என்று மாற்றினேன். 'கெ', 'கோ' எல்லாம் உடைந்தன. திஸ்கியில் நாம் கையால் எழுதுகிற வரிசை: கொம்பு முதலில், அப்புறம் 'க'. யூனிகோடில் 'க' முன்னால், கொம்பு பின்னால். இது புரிய மூன்று ராத்திரி.

"அப்பா, இதுக்கெல்லாம் கன்வர்ட்டர் இருக்கே" என்றாள் மகள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டேபிள் போய் இப்போது சி.எஸ்.எஸ். செல்போனுக்காக வியூபோர்ட் என்று ஒரு வரி. விட்டால் பக்கம் எறும்பு சைஸில் தெரிகிறது.

முதலில் ஏற்றியது, 2003-ல் அம்மா சொல்லச் சொல்ல நான் அடித்த வத்தக்குழம்புக் குறிப்பு. 'பொடி ரெண்டு கரண்டி' என்று இருக்கிறது. எந்தக் கரண்டி என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை. அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.