சிட்லிங்கியில் என் துப்பட்டாவுக்கு நடந்த வைத்தியம்

அரூரில் பஸ் ஏறும்போது என் லினன் குர்தா மொடமொடவென்று இருந்தது. கோட்டப்பட்டி தாண்டுவதற்குள் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்து சீட்டில் கூடையோடு வந்த பாட்டி கேட்டேவிட்டார்: "என்ன கண்ணு, துணி மாடு மென்னு துப்புன மாதிரி இருக்குது?"

"லினன்னா அப்படித்தான் பாட்டி, கசங்கும்."

"காசு குடுத்தா வாங்குன?"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

ஆனால் நான் சிட்லிங்கிக்குக் கிளம்பிய காரணம் சிரிக்கிற விஷயமில்லை. என் பையில் ஒரு துப்பட்டா இருந்தது. இயற்கைச் சாயம் தோய்த்த பருத்தி, ஓரமெல்லாம் லம்பாடி கைத்தையல். என் திருமணத்துக்கு அண்ணி கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில், ஜீன்ஸோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். ஜிப்பில் மாட்டி நூல் இழுத்துக்கொண்டது. இரண்டு கண்ணாடிச் சில்லுகளைக் காணோம். ஒரு மூலையில் துணியே கிழிந்திருந்தது. மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, குற்றவாளி நான்தான்.

தர்மபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கிறது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். மலையாளி பழங்குடியினரின் ஊர்களுக்கு நடுவே லம்பாடி மக்களின் தாண்டாக்களும் உண்டு. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் இங்கே வந்து, ஓலைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் கதை பலருக்கும் தெரியும். அதன் நிழலில் வளர்ந்த தையல் கதை அவ்வளவாகத் தெரியாது.

லம்பாடிகள் ஒரு காலத்தில் மாட்டுப் பொதிகளில் தானியமும் உப்பும் ஏற்றி நாடெல்லாம் அலைந்தவர்கள். பூர்வீகம் ராஜஸ்தான் பக்கம் என்பார்கள். பெண்களின் பாவாடையிலும் ரவிக்கையிலும் கண்ணாடிச் சில்லு, சோழி, நாணயம், அவற்றைச் சுற்றி விதவிதமான தையல். கர்நாடகத்தின் சண்டூரில் செய்யும் லம்பாணித் தையல் புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. சிட்லிங்கியிலோ கதை வேறு மாதிரிப் போனது. வெளியூர் வேலைக்குப் போன பெண்கள் அந்த உடையைக் கழற்றி வைத்துவிட்டு மில் சேலைக்கு மாறினார்கள். உடை போனதும் தையலும் போனது. டாக்டர் லலிதா விசாரித்தபோது, அந்தத் தையல் தெரிந்தவர்கள் என்று விரல்விட்டு எண்ணும் அளவு முதிய பெண்களே மிஞ்சியிருந்தார்கள். அவர்கள் இளைய பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க, உருவானதுதான் 'போர்கை' கைவினைஞர்கள் சங்கம். லம்பாடி பேச்சில் போர்கை என்றால் பெருமை.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சில பாட்டிகளுக்கு இன்னும் பத்து வருடம் கழித்து யாராவது போய்க் கேட்டிருந்தால்?

என் துப்பட்டாவை வாங்கிய அக்கா முதலில் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டார். "பின்னாடிதாம்மா தெரியும், எந்த நூல் எங்க விட்டுதுன்னு." இழுத்த நூலை ஊசி முனையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். புதுச் சில்லு வைத்து, அதைச் சுற்றி நூலால் கூண்டு கட்டினார். பசை கிடையாது, கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது நூல் மட்டுமே. ஒரு சில்லுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டு டீ குடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் என் பழக்கம் இது. கைத்தையல் துணியைப் பச்சைத் தண்ணீரில், மிதமான சோப்பில், தனியாக அலசுவேன். ஊறவைப்பதில்லை, பிரஷ் போடுவதில்லை, முறுக்கிப் பிழிவதில்லை. உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காய்ச்சல். இஸ்திரியும் பின்பக்கம்தான், அடியில் ஒரு தடித்த துண்டு விரித்து. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் சரியான உப்பு. சோப்பு நுரைக்காது, துணியில் வெள்ளையாகப் படியும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர். பாலிதீன் கவரில் வைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வைக்கிறேன்.

பாட்டி கிண்டலடித்த லினனுக்கும் ஏறக்குறைய இதே மரியாதைதான். லினன், ஆளிச் செடியின் தண்டிலிருந்து வரும் நார். ஆளி விதை நம் ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் நாருக்கான செடி பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் விளைகிறது. கடையில் '40 லீ', '60 லீ' என்பார்களே, அது நூலின் நயம். எண் கூடினால் நூல் மெலிசு. நம் வெயிலுக்குச் சட்டை, குர்தா என்றால் 60 லீ சுகம். லேபிளில் 'லினன்' என்று பெரிதாகவும் 'பாலியஸ்டர் கலந்தது' என்று பொடியாகவும் இருக்கும்; பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். சந்தேகமென்றால் ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். லினன் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகக் கட்டிக்கொள்ளும்.

முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். உடம்பைப் பிடித்தாற்போல் வாங்காதீர்கள். ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் அடங்கும். முழுக்கக் காய்ந்த பிறகு போராடினால் தோற்பீர்கள். எப்போதும் ஒரே கோட்டில் மடித்து வைத்தால் அந்த மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். கசங்குவதை மட்டும் யாராலும் தடுக்க முடியாது, பாட்டி மன்னிக்க வேண்டும்.

சாயங்காலம் துப்பட்டா கைக்கு வந்தது. சில்லுகள் இரண்டும் பழையபடி. கிழிந்த மூலையை மட்டும் அக்கா ஒட்டுப் போடவில்லை. "அந்த எடத்துல பழைய மாதிரி வராதும்மா" என்று சொல்லி, கிழிசலைச் சுற்றிச் சிவப்பு நூலில் சின்னதாகப் புதுக் கோலம் போட்டுக் கொடுத்தார். மற்ற மூன்று மூலைகளில் அது இல்லை. உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.