சத்தமில்லாத உளி

கணினி ஓட்டும் செதுக்கு இயந்திரமான சிஎன்சி ரவுட்டரோடு பழகியவர்களுக்குக் காதுதான் முதல் அளவுகோல். பிட் என்கிற சுழலும் வெட்டுமுனை மழுங்கினால் ஓசை கனக்கும். ஆழம் கூடினால் மோட்டார் முனகும். பலகையின் பிடி தளர்ந்தால் கடகடவென்று அதிரும். பக்கத்து அறையில் இருந்தாலும் தெரிந்துவிடும். அதே இயந்திரத்தில் லேசரைப் பொருத்தியதும் காதுக்கு வேலை இல்லாமல் போகிறது. சின்ன மின்விசிறியின் இரைச்சல்தான் கேட்கும். எழுத்து ஒழுங்காக விழுந்தாலும், பலகை தீப்பிடித்தாலும் அதே இரைச்சல்தான். இனி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். லேசர் முதலில் கெடுக்கக்கூடியதும் அந்தக் கண்ணைத்தான்.

லேசர் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் தமிழ் எழுத்து. வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைகளைத் தேக்கிலும் வேம்பிலும் செதுக்கி வருகிறேன். சிறிய இயந்திரங்களில் வழக்கமாகப் பயன்படும் 3.175 மி.மீ. பிட், எந்த உள்மூலையையும் ஏறக்குறைய 1.6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடும். பெரிய எழுத்தில் அதுவே அழகு. எழுத்தின் உயரம் குறையக் குறைய ‘ஞ’வின் சுழி அடைபடும், ‘ண’வின் வளைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கூர்முனைப் பிட்டுக்கு மாறினால் ஓரளவு தேறும். ஆனால் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே போகும்போது விளிம்பு பிய்ந்துவிடும். லேசரின் புள்ளியோ ஏறத்தாழ 0.1 மி.மீ. மரத்தை அது தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. என் பட்டறைக்கு வரும் தச்சு ஆசாரி ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்னங்க, தொடாமலே செதுக்குதே” என்றார்.

தொடாத கருவிக்கு நேரம்தான் ஆழம். ஓரிடத்தில் ஒளி எத்தனை நேரம் நிற்கிறதோ அந்த அளவுக்கு மரம் கருகும். சுழலும் பிட்டுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. வளைவில் இயந்திரம் வேகத்தைக் குறைத்துத் திரும்பினாலும் வெட்டின் ஆழம் மாறாது. லேசருக்கு அந்த ஒரு கணத் தாமதமே கறுப்புப் பொட்டாகப் பதிந்துவிடும். நேர்க்கோடுகளால் ஆன எழுத்தென்றால் மூலைகளில் மட்டும் பொட்டு விழும். தமிழ் எழுத்தில் பாதி சுழியும் வளைவும் என்பதால், வரி முழுவதும் திட்டுத்திட்டாகிவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களை நன்றியோடு நினைக்கிறேன். சிறிய சிஎன்சி இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கியது. ஆர்டுயினோ ஊனோ போன்ற எளிய சில்லுப் பலகையிலேயே ஓடும். அதன் 1.1 பதிப்பில் லேசருக்கென்றே ஒரு நிலை இருக்கிறது. அமைப்புப் பட்டியலில் 32ஆம் எண்ணுக்கு 1 என்று கொடுத்தால் போதும். அதன்பின் இயந்திரத்துக்கான கட்டளைமொழியான ஜி-கோடில் எம்3 என்று எழுதினால் ஒளி ஒரே வலுவில் எரியும். எம்4 என்று எழுதினால், இயந்திரம் மெதுவாகும்போது ஒளியும் குறையும், நின்றால் அணைந்துவிடும். தமிழ் எழுத்துக்கு எம்4தான். பிட்டுக்குத் திரும்பும்போது அந்த 1ஐ மறக்காமல் 0 ஆக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் வேகம் எடுப்பதற்குள் பிட் மரத்தில் இறங்கிவிடும்.

லேசர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பிவிடக் கூடாது. பல விற்பனையாளர்கள் உள்ளே போகும் மின்சாரத்தைத்தான் எழுதுகிறார்கள். வெளியே வரும் ஒளி அதில் சிறு பங்கே. ஒளியின் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். அது 5 வாட்டாக இருந்தால் மரத்தில் எழுத்து அழகாக விழும், 3 மி.மீ. ஒட்டுப்பலகையை வெட்ட ஒரே கோட்டில் பலமுறை ஓட விட வேண்டும். ரவுட்டரில் பொருத்தும் இந்த லேசர்களிலிருந்து வருவது பெரும்பாலும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி. தெளிவான அக்ரிலிக்கை அது கண்ணாடியைக் கடப்பதுபோலக் கடந்துபோய்விடும். அத்தகைய அக்ரிலிக்கை வெட்ட வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடு லேசர்தான். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964இல் உருவாக்கிய லேசர் அது. அதை ரவுட்டரில் எளிதில் பொருத்த முடியாது, அது பெரும்பாலும் தனி இயந்திரம்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அரை வாட்டைத் தாண்டினாலே லேசர் நான்காம் வகுப்பு, அதாவது ஆபத்தானவற்றில் உச்ச வகுப்பு. நேரே பார்த்தால்தான் ஆபத்து என்றில்லை. பலகையில் பட்டுச் சிதறும் ஒளியும் விழித்திரையைப் புண்ணாக்கக்கூடும். லேசரோடு இலவசமாக வரும் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு, நம்பகமானதை வாங்குங்கள். கண்ணாடி போட்டவர் ஒருவர்தான். எட்டிப் பார்க்க வரும் குழந்தைக்கு அது உதவாது. ஆகவே இயந்திரத்தைச் சுற்றி மூடிய பெட்டி வேண்டும், புகையை வெளியே தள்ளும் குழாயும் விசிறியும் வேண்டும். என்னைக் கேட்டால் லேசருக்கு முன்பே வாங்க வேண்டியவை இவை.

விளம்பரப் பலகைக் கடைகளில் புழங்கும் சன்போர்டு பிவிசியால் ஆனது. ரவுட்டருக்கு அது வெண்ணெய். பழக்க தோஷத்தில் அதையே லேசருக்கு அடியில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். நுரையீரலைச் சுடும், இயந்திரத்தின் தண்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும். பெரும்பாலான ரெக்சினுக்கும் இதே கதைதான். பெயர் தெரியாத பிளாஸ்டிக் எதையும் நான் அடியில் வைப்பதில்லை. வேலை ஓடும்போது அறையை விட்டுப் போவதும் இல்லை.

இவ்வளவு கவலைகளுக்கும் ஈடாக இந்தச் சேர்க்கை தரும் பெரிய வசதி, பலகையைக் கழற்றாமலே இரண்டு வேலையும் முடிவது. பிட்டின் மையத்துக்கும் ஒளிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை ஒருமுறை துல்லியமாக அளந்து, தொடக்கப் புள்ளிகளை நினைவில் வைக்கும் கட்டளைகளில், பிட்டுக்குரியதை ஜி54இலும் லேசருடையதை ஜி55இலும் வைத்துக்கொள்கிறேன். முதலில் லேசர், ஏனென்றால் பிட் ஓடி மரத்தூள் பறக்கத் தொடங்கினால் லென்ஸ் அழுக்காகும், தூளில் பொறியும் விழலாம். சிறிய எழுத்துகள் எல்லாம் முடிந்ததும் லேசரைக் கழற்றிவிட்டு, அதே பிடியில் பிட்டை இறக்கிப் பெரிய எழுத்துகளையும் பலகையின் வெளி வடிவத்தையும் வெட்டிக்கொள்கிறேன்.