அல்தபரானைக் காட்டத் தெரியாத ஆசிரியர்

மத்ரஸா மாணவர்களுக்குத் தொலைநோக்கி வாங்கப் பெற்றோர் பணம் திரட்டித் தந்தபோது ஒரு குழப்பம் எழுந்தது. ஜான் டாப்சன் பரப்பிய, கையால் திருப்பும் எளிய மரப்பெட்டித் தாங்கியா, தானே தேடிக் காட்டும் கணினித் தாங்கியா?

கணினித் தாங்கியுள்ள ஒன்றை நண்பரிடம் இரவல் பெற்று, தை மாத இரவொன்றில் இஷாவுக்குப் பின் மொட்டைமாடியில் நிறுத்தினோம். நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் பதிந்ததும், திசையறிய இரு விண்மீன்களைக் காட்டுமாறு அது கேட்டது. முதலாவது அல்தபரான்.

“அரபுப் பெயர்! பின்தொடர்வது என்று பொருள்” என்றேன்.

“வானத்தில் எது, ஹஜ்ரத்?” என்றான் ஒரு மாணவன்.

பல்லாண்டுகளாக அரபு கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. ஏதோ ஒன்றைக் காட்டினேன். அதன்பின் கருவி திரும்பிய இடமெல்லாம் வெற்று வானமே.

எளிய தாங்கியையே வாங்கினோம். மோட்டாருக்குரிய பணம் பெரிய ஆடிக்குப் பயன்பட்டது. குறையும் உண்டு: புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 100 மடங்கு உருப்பெருக்கத்தில் வியாழன் சுமார் 2 நிமிடங்களில் பார்வையைக் கடந்துவிடும், குழாயை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நெடுநேர ஒளிப்படம் எடுப்போருக்கு மோட்டார் தாங்கியே ஏற்றது.

இப்போது, சுரையா எனும் கார்த்திகைக் கூட்டத்தை அல்தபரான் பின்தொடர்வதை எம் மாணவர்கள் விரல்நீட்டிக் காட்டுகின்றனர். பெற்றோரே, முதலில் பிள்ளைகளுடன் நின்று நான்கு விண்மீன்களையேனும் கண்ணால் அறியுங்கள். பிறகு எதை வாங்கினாலும் பயன்தரும், இன்ஷா அல்லாஹ்.