ஒரு போர்ட்டு, நாலு பொட்டி

பொட்டி தட்டாதவங்களும் பயப்படாம வாங்க, கோயில் வாசல்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2018 பிப்ரவரியில மீனாட்சியம்மன் கோயில்ல தீ விபத்து நடந்துச்சுல்ல? அதுக்கப்புறம் உள்ளே செல்போன் கூடாதுன்னு ஆயிடுச்சு. வாசல்ல ஒவ்வொரு ஆளாச் சோதிச்சுத்தான் விடுறாங்க. "தாத்தாவைச் சோதிச்சாச்சு, பின்னாடி வர்ற பத்து பேரும் போங்க"ன்னு விட்டா எப்படி இருக்கும்? பல ஆபீசுல நெட்வொர்க் சுவிட்ச் அப்படித்தான் விட்டுக்கிட்டு இருக்கு.

802.1எக்ஸ்னு ஒரு தரநிலை. 2001-ல ஐஇஇஇ வெளியிட்டது. கேபிளைச் சொருகினதும் சுவிட்ச் "நீ யாரு?"ன்னு கேக்கும். வர்ற பதிலை ரேடியஸ் சர்வர்கிட்ட கொடுக்கும். அது தலையாட்டினாத்தான் போர்ட்டு திறக்கும். ஒரு போர்ட்டுக்கு ஒரு பொட்டிங்கிற கணக்குல வந்த ஏற்பாடு. நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? மேசைக்கடியில அஞ்சு போர்ட்டு குட்டி சுவிட்ச் ஒண்ணு வச்சு, நாலு பொட்டியைக் கோத்து விட்டுருவாங்க.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேணாம். பதிவு கவுண்டர்ல இதே கதை. முதல் பொட்டி உள்ளே போனா மத்ததுக்கும் கதவு திறந்தே இருக்கும் (இதுக்குப் பேரு மல்டி ஹோஸ்ட்). ஒருநாள் வெளியாள் லேப்டாப் ஒண்ணு அந்த வழியா நோயாளிங்க விவரம் இருக்கிற நெட்வொர்க்குக்குள்ளயே போயிடுச்சு. பதறிப்போய் "ஒரு போர்ட்டுக்கு ஒரு பொட்டிதான்"னு மாத்தினாங்க. திங்கக்கிழமை காலையில ரெண்டாவது பொட்டியை ஆன் பண்ணதும், அத்துமீறல்னு சுவிட்ச் போர்ட்டையே மூடிருச்சு. கவுண்டர் மொத்தமும் படுத்துருச்சு. மேலூர், உசிலம்பட்டியில இருந்து சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்தோட வந்தவங்க வரிசையில நிக்கிறாங்க. கவுண்டர் அக்கா நோட்டும் பேனாவும் எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியைக் காப்பாத்தினது அந்த நோட்டுதான்.

பாதுகாப்புங்கிற பேர்ல வேலையை நிறுத்தினா, ஜனங்க பாதுகாப்பைத்தான் கழட்டி வைப்பாங்க.

சரியான வழி மல்டி ஆத். ஒரே போர்ட்டு, ஆனா ஒவ்வொரு மேக் முகவரிக்கும் தனித்தனி விசாரணை. தேறாத பொட்டி மட்டும் வெளியே நிக்கும், மத்தவங்க வேலை கெடாது. போனும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும்னா மல்டி டொமைன் போதும், குரலுக்கு ஒண்ணு, டேட்டாவுக்கு ஒண்ணு.

இதுலயும் சிக்கல் உண்டு மக்களே:

1. இந்த விசாரணைப் பேச்சைச் சில குட்டி சுவிட்ச்சுங்க கடத்தாது, நடுவுலயே முழுங்கிடும். தரநிலைப்படி பார்த்தா அதுதான் சரியும் கூட. அதனால வாங்குறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க.

2. குட்டி சுவிட்ச்ல இருந்து கேபிளைப் பிடுங்கினாலும் பெரிய சுவிட்ச்சுக்குத் தெரியாது. அங்க இணைப்பு உயிரோடதான் இருக்கும். சும்மா கிடக்கிற பொட்டியைக் கொஞ்ச நேரத்துல கழட்டி விட டைமர் வைக்கணும்.

3. பிரிண்டருக்குப் பதில் சொல்லத் தெரியலைன்னா மேக் முகவரியைப் பார்த்து விடுறது வழக்கம். அந்த முகவரி பிரிண்டரோட முதுகுலயே ஒட்டியிருக்கும், யாரு வேணும்னாலும் காப்பியடிக்கலாம். அதனால பிரிண்டர் பிரிண்ட் சர்வர்கூட மட்டும் பேசட்டும்.

ஒருதடவை தேறின பொட்டியோட முகவரியைத் திருடிக்கிட்டு இன்னொருத்தன் நுழைஞ்சா? அதுக்கு மேக்செக். 2006-ல 802.1ஏஈ-ன்னு வந்துச்சு, 2010-ல 802.1எக்ஸ் அதோட கைகோத்துச்சு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முத்திரை போட்டு அனுப்புறது. ஆனா பழைய சுவிட்ச்ல வேலைக்காகாது.

இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்னு நினைக்காதீங்க. உங்க ரத்தப் பரிசோதனை முடிவும் ஏதோ ஒரு மேசைக்கடியில இருக்கிற குட்டி சுவிட்ச் வழியாத்தான் போகுது.

டிஸ்கி: உங்க ஆபீஸ் மேசைக்கடியில குனிஞ்சு பார்த்துட்டு, எத்தனை குட்டி சுவிட்ச் இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மியும் அடிக்கலாம், தப்பில்லை :-)