‘இப்ப பேசலாமா?’

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, எங்கள் பல்கலைக்கழக உளவியல் பயிற்சி மையத்தின் கோப்புகள் பூட்டிய அறைக்குள் கிடந்தன. மாணவர்கள் விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். மறுநாளே மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளிவந்தன. அவை மருத்துவர்களுக்கானவை. எங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு, ஒப்புதல் படிவத்தை நாங்களே எழுதினோம்.

காணொளியில் ஆலோசனை என்றுதான் திட்டம். நடந்ததென்னவோ பெரும்பாலும் வெறும் போன். ஆலோசனை பெறுபவர்களுக்கோ ஓர் அறை வீடு, வீட்டுக்கே ஒரு போன். சிலர் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினார்கள்.

“மேடம், எதைக் கேட்டாலும் ‘ம்’னுதான் சொல்றாங்க. பேச விருப்பமில்லையோ?” என்றாள் ஒரு மாணவி.

“பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேளும்மா. ஆமா, இல்லன்னு சொன்னா போதும்கிற மாதிரி கேளு.”

போனில் பேசிய பெண்ணின் மாமியார் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அதன்பின் எல்லா அழைப்புகளும் இப்படித்தான் தொடங்கின: இப்ப பேசலாமா, எங்கே இருக்கீங்க, லைன் கட்டானால் யாரைக் கூப்பிடலாம். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு சொல்லும் பேசி வைத்தோம். அந்தப் பெண் ‘ரேஷன் கார்டு’ என்றால் மாணவி உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

முன்பெல்லாம் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பேன். இப்போது, பேசுபவரின் சம்மதத்தோடு, கான்ஃபரன்ஸ் காலில் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத மௌனம் மாணவர்களைப் பயமுறுத்தியது. லைன் போய்விட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்பார்கள். ஒருவர் அழும்போது குறுக்கே விழும் அந்த ஹலோ எவ்வளவு கொடியது! அதை விடவைக்கத்தான் அதிகம் பாடுபட்டேன். “நான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க மெல்லப் பழகினார்கள்.

சோதனைகள் அடியோடு நின்றன. கட்டைகளை அடுக்கச் சொல்லும் நுண்ணறிவுச் சோதனையைப் போனில் எப்படி எடுப்பது? தேர்வுச் சலுகைக்கான கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்குக் காத்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூனில் தேர்வே ரத்தானது. பெற்றோர் நிம்மதியடைந்தார்கள். எனக்கு அது ஆறவேயில்லை. வாசிக்கையில் எங்கே தடுக்குகிறது என்று யாரும் பார்க்காமலே அந்தப் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போனார்கள்.

மையம் திறந்தபின் திரும்பி வராதவர்கள் உண்டு. ஊரடங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களோ, பேருந்து மாறி மாறி வரவேண்டியவர்கள், வீட்டில் காரணம் சொல்லிக் கிளம்ப முடியாதவர்கள், போனிலேயே தொடரலாமா என்று கேட்டார்கள். தொடர்ந்தோம். புதன்கிழமை மாலைகள் இன்றும் அவர்களுக்குத்தான். அந்த மேற்பார்வை நேரத்தையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்கச் சொல்லித் துறைக்கு எழுதியிருக்கிறேன்.